பல்லி இன்மைச் சான்று

செந்தாமரை தன் வீட்டுக்குப் பின்னால் வெட்டிய குழி மூன்றரை அடி ஆழம். வெட்டும்போது அதற்குள் இருந்தவை ஓர் உடைந்த அகல், கொஞ்சம் வேர், எறும்பு, நிறையக் கல். பல்லி இல்லை. இதை அவள் பிற்பாடு ஒன்பது பேரிடம் ஒன்பது தடவை சொல்ல வேண்டி வந்தது. ஒன்பது பேரும் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். எழுதிய ஒன்பதிலும் பல்லி இருந்தது.

குழி கக்கூஸுக்காக வெட்டியது. சட்டிப்பாறை என்னும் அந்த ஊர், திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற சாலையை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருந்தது. கவிழ்த்துப் போட்ட சட்டியைப் போல ஒரு பெரிய பாறை, அதன் காலடியில் சரிந்து கிடக்கும் கற்கள், கற்களை ஒட்டி நாற்பது வீடுகள். ஆண்கள் ஏரிக்கரைக்குப் போவார்கள், தோன்றிய நேரத்தில். பெண்கள் பாறைக்குப் போவார்கள், விடிவதற்கு முன் ஒரு தடவை, இருட்டிய பின் ஒரு தடவை. எங்காவது மோட்டார் சைக்கிள் வெளிச்சம் திரும்பினால் வரிசையாக எழுந்து நிற்பார்கள். வெளிச்சம் போனதும் உட்காருவார்கள். மறுபடி வெளிச்சம் வந்தால் மறுபடி எழுவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அடக்கிக்கொள்வதை மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். செந்தாமரையே தன் மகள் கலைமதிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாள். மகளுக்கு அப்போது எட்டு வயது. "பெரிய பொண்ணாயிட்டே, இனிமே பகல்ல கேக்கக்கூடாது" என்றாள். குழந்தை அதன் பிறகு பகலில் கேட்கவே இல்லை. அன்று அதில் செந்தாமரைக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இப்போது கலைமதிக்கு இருபத்தொன்று. பட்டம் வாங்கிவிட்டு, அரசுத் தேர்வுக்கு வீட்டில் உட்கார்ந்து படிக்கிறாள். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு மிடறு கிடையாது. ஒரே வருடத்தில் இரண்டு முறை குளிர்காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டரம்மா சீட்டைக்கூட எழுதாமல் செந்தாமரையைத்தான் பார்த்தாள். "மூணு லிட்டர் குடிக்கணும். அடக்கக் கூடாது. இன்னொரு தடவை இப்படி வந்தா கிட்னியில கை வெச்சிடும்."

செந்தாமரை இரண்டு ஆடுகளை விற்றாள். சிமெண்டு உறை நாலு வந்து இறங்கியது. கொத்தனாரும் வந்து குழியை எட்டிப் பார்த்தார். அதற்குள் டிவிஎஸ் வண்டியில் ஒருவர் வந்து இறங்கி, வீட்டின் பின்சுவரில் பசை தடவி ஒரு தாளை ஒட்டினார். பல்லிப் பாதுகாப்புக் குழுமத்தின் களப் பணியாளர் ராயப்பன்.

"இன்னாங்க இது?"

"தடை ஆணைம்மா. இனிமே குழிய தொடக்கூடாது."

"எங்க வூட்டுப் பின்னாடிதாங்க வெட்டறோம். பட்டா இருக்குது."

"உங்களுக்குப் பட்டா இருக்குது. பல்லிக்கு இல்லியே. பட்டா இல்லாதவங்களத்தானம்மா நாங்க காப்பாத்தணும்?"

ராயப்பன் கெட்டவர் இல்லை. குடிக்கத் தண்ணீர் வாங்கினார், ஒரு செம்பு முழுக்கக் குடித்தார். கலைமதி அதை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்லியின் கதை இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் வெளியூர்க்காரர் ஒருவர் சட்டிப்பாறையில் ஓர் இரவு தங்கி, கற்களுக்கிடையில் ஒரு சின்னப் பல்லியைப் படம் பிடித்துக்கொண்டு போனார். இப்படி ஒரு இனம் வேறெங்கும் கிடையாது என்று செய்தி வந்தது. வேறு எந்த மாவட்டத்திலும் இல்லாத ஒன்று தங்கள் மாவட்டத்தில் இருக்கிறது என்றால் அதற்கு ஒரு நாற்காலியாவது போட வேண்டும். பதினொரு நாற்காலி போட்டார்கள். 'இரவாடிப் பாறைப்பல்லிப் பாதுகாப்புக் குழுமம்' விழுப்புரத்தில் ஒரு மாடியில் திறக்கப்பட்டது. வாசலில் ஒன்பது அடிக்கு சிமெண்டுப் பல்லி, கிளிப்பச்சை நிறம். நிஜப் பல்லி கட்டைவிரல் நீளம், பாறையின் நிறம். குழுமத்தில் யாரும் அதைப் பார்த்ததில்லை. பல்லி ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் வெளியே வரும். அலுவலகம் ஐந்தே முக்காலுக்கு மூடிவிடும்.

செந்தாமரை விழுப்புரத்துக்குப் போன அன்று காலையிலிருந்து தானும் தண்ணீர் குடிக்கவில்லை. வெளியூர்ப் பயணம் என்றால் அவள் அப்படித்தான். பன்னிரண்டு மணிவரை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார்கள். செயலர் ஜெகதீசன் இனிமையாகப் பேசும் மனிதர்.

"குழியில பல்லி இல்லைங்கறீங்க. ரொம்ப நல்லது. எத்தனை மணிக்குப் பாத்தீங்க?"

"வெட்டும்போதுங்க. காலையில பத்து மணி இருக்கும்."

"பல்லி எப்ப வெளிய வரும்?"

"ராத்திரிங்க."

"அப்ப காலையில பத்து மணிக்கு இல்லாதது எப்படிம்மா இல்லாததாகும்?"

செந்தாமரை யோசித்தாள். அவர் கேட்டது நியாயமாகவே பட்டது. "அப்ப ராத்திரி வந்து பாருங்க சார்."

ஜெகதீசன் பேனாவை மூடி வைத்தார். "அம்மா, இது அரசு சார்ந்த அமைப்பு. ராத்திரி மூடியிருக்கும்."

பல்லி இன்மைச் சான்று கோரும் விண்ணப்பத்தை மூன்று பிரதி எழுதிக் கொடுக்கச் சொன்னார். அதில் பதினோராவது கேள்வி, 'மேற்படி கட்டுமானம் குறித்துப் பல்லியின் ஆட்சேபணை ஏதேனும் இருப்பின்' என்றிருந்தது. எழுத்தர் அதில் 'இதுவரை இல்லை' என்று எழுதச் சொன்னார். 'இல்லை' என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

ஒரு மாதம் கழித்து ஆய்வுக்கு வந்தார்கள். விக்கிரவாண்டியில் டிபன் முடித்துவிட்டு, பகல் பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது இரண்டு ஜீப்பில் ஆறு பேர். பாறை கொதித்துக்கொண்டிருந்தது. இந்தப் பல்லியைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருந்த முனைவர் மாசிலாமணி, குடையைப் பிடித்தபடி ஒரு கல்லைப் புரட்டினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. மிச்சக் கற்களை அவர் இருந்த இடத்திலிருந்தே ஆய்வு செய்தார். சுவரில் போன ஓர் ஓணானைப் படம் பிடித்துக்கொண்டார்கள்.

எதிர்வீட்டு வெள்ளையம்மாள் முருங்கை மரத்தடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். "பகல்ல வந்து தேடறானுங்களே. அது எப்படிடி வரும்? அதுவும் நம்மள மாதிரிதான், பகல்ல வெளிய வராது."

செந்தாமரை சிரித்தாள். சிரித்த பிறகு அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

கடிதம் வந்தது. 'ஆய்வின்போது மேற்படி இடத்தில் பல்லி ஏதும் காணப்படவில்லை. பகலில் காணப்படாமை இவ்வினத்தின் முதன்மையான இயல்பாகும். எனவே மேற்படி இடத்தில் பல்லி உள்ளது ஐயமின்றி உறுதியாகிறது.'

அதே வாரம் பாறையின் மறுபக்கம் இயந்திரம் வந்து பத்து நாள் கல்லை உடைத்தது. பல்லியைப் பற்றி மக்களுக்கு விளக்க ஒரு மையம் கட்டுகிறார்கள் என்றார்கள். செந்தாமரை ராயப்பனை வழிமறித்தாள்.

"ஏங்க, அங்க மட்டும் பல்லி இல்லீங்களா?"

"அந்தப் பக்கத்துக்கு இன்மைச் சான்று குடுத்தாச்சும்மா."

"யாரு பாத்தா?"

"குழுமம்தான். பகல்ல பாத்தாங்க. ஒண்ணும் இல்ல."

"எங்க வூட்டாண்டயும் பகல்லதான் பாத்தாங்க. ஒண்ணும் இல்லியே."

ராயப்பன் வண்டியை உதைத்தார். "என்னை இன்னாத்துக்குப் பேஜாரு பண்றீங்க? நான் ஒட்டறவன்."

மையம் மூன்று மாதத்தில் எழும்பியது. கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பல்லி. இரவில் பாறை முழுக்க வெளிச்சம் அடிக்கும் விளக்கு, இருட்டில் வாழும் உயிரினத்துக்குக் குழுமம் அளித்த முதல் வசதி. பின்புறம் பார்வையாளர்களுக்காக ஓடு பதித்த கழிப்பறைகள் நான்கு. மேலே தொட்டி, உள்ளே குழாய். நான்கிலும் பூட்டு. சாவி விழுப்புரத்தில். கலைமதி ஒரு நாள் செங்கல்லை அடுக்கி ஏறி, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"யம்மா, உள்ள கண்ணாடிகூட இருக்குது."

அந்த வெளிச்ச விளக்கு வந்த பிறகு பெண்கள் இன்னும் நூறு அடி மேலே, பாறை இடுக்குக்கு ஏற வேண்டியிருந்தது. கலைமதி இரண்டு டம்ளரை ஒன்றாகக் குறைத்துவிட்டாள். மூன்றாவது முறையாகக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் ஊசி. கிட்னி இந்தத் தடவை தப்பித்தது என்றாள் டாக்டரம்மா, அடுத்த தடவையைப் பற்றிப் பேசாமல்.

அப்போதுதான் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள், மையத்தின் கூடத்தில். குழுமத்துக்கும் ஒரு சங்கடம் இருந்தது. இரண்டு வருடத்தில் பல்லியை யாராவது உயிரோடு பார்த்ததாக ஒரு பதிவாவது காட்டினால்தான் குழுமம் நீடிக்கும், இல்லையென்றால் கலைத்துவிடுவோம் என்று சென்னையிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஜெகதீசனின் குரலில் இப்போது நிஜமான துக்கம்.

"இந்த ஊர் மக்கள் யாருமே பாத்ததில்லையா? பொய் வேணாம். உயிரோட, கண்ணால பாத்தவங்க?"

ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெண்கள் தரையைப் பார்த்தார்கள். அந்தத் தரையைப் பார்ப்பதில் செந்தாமரைக்கு ஒன்று புரிந்தது. இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருத்தியும் பார்த்திருக்கிறாள். நாற்பது பக்கம் எழுதியவருக்குத் தெரியாதது இந்த முப்பது பெண்களுக்கும் தெரியும். தெரிந்த விதத்தைத்தான் சொல்ல முடியாது. எல்லோருக்கும் தெரிந்திருந்தும் யார் வாயாலும் சொல்லப்படாததால்தான் தன் மானம் இத்தனை வருடம் மானமாக இருந்திருக்கிறது. சொல்லிவிட்டால் என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் பல்லி எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டால் எங்கே இல்லை என்பதும் விளங்கிவிடும். குழி பிழைக்கும்.

எழுந்தாள். "நான் பாத்திருக்கேன் சார். தெனம் பாக்கறேன்."

ஜெகதீசன் பேனாவைத் திறந்தார்.

"கட்டவெரல் நீளம் இருக்கும். முதுகுல வெள்ளையா பட்ட பட்டையா. டார்ச்சு அடிச்சா கண்ணு ஊசி முனையாட்டம் மின்னும். ஓடாது. நம்மளயே பாத்துக்கினு அப்படியே ஒட்டிக்கினு இருக்கும். மேல இடுக்குலதான் சார். எங்க வூட்டாண்ட ஒரு நாளும் வந்ததில்ல."

மாசிலாமணி தன் நூலை வேகமாகப் புரட்டினார். "கண் மின்னுவதை நான் எழுதவில்லையே" என்றார், அது பல்லியின் தவறு என்பதுபோல்.

"எத்தனை மணிக்கும்மா?" ஜெகதீசன் முன்னால் சாய்ந்தார்.

"விடியக்காலம் நாலரை."

"நாலரைக்கு அவ்ளோ மேல எதுக்குப் போறீங்க?"

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அதுதான் செந்தாமரைக்குத் தாங்கவில்லை. கிண்டல் என்றால் கோபப்பட்டிருக்கலாம். நாற்பத்தாறு வயது மனிதர், இந்த மாவட்டத்தையே வரைபடமாகச் சுவரில் மாட்டியிருப்பவர்.

"கக்கூஸ் இல்லீங்க சார். அதுக்குத்தான் போறோம். உக்காந்துகினுதான் பாக்கறோம்."

பின்னால் ஓர் ஆண் சிரித்தான். செந்தாமரை திரும்பவில்லை. ஜெகதீசன் சிரிக்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது.

"கேட்டீங்களா?" என்று உறுப்பினர்களைப் பார்த்தார். "நாம ராத்திரி வேலைக்கு ஆள் கேட்டோம், கிடைக்கலை. இந்தத் தாய்மார்கள் ஒரு சம்பளம் கேட்டாங்களா, ஒரு கேமரா கேட்டாங்களா? மழைன்னு பாக்காம, பாம்புன்னு பாக்காம, தினம் ரெண்டு வேளை களத்துக்குப் போறாங்க. இந்த அர்ப்பணிப்பு எந்த ஆபீசர்கிட்ட இருக்கு? என்கிட்ட இல்லை, வெளிப்படையாவே சொல்றேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். சுவரில் வீட்டுப் பல்லி ஒன்று சத்தமிட்டது. பதினொரு உறுப்பினர்களும் அனிச்சையாக மேசையைத் தட்டிக்கொண்டார்கள்.

அன்று நிறைவேறிய தீர்மானம் இரண்டு. ஒன்று, சட்டிப்பாறைப் பெண்கள் அனைவரும் தன்னார்வ இரவுக் கண்காணிப்பாளர்கள் ஆகிறார்கள். ஆளுக்கொரு பச்சைத் தொப்பி, ஊருக்கொரு பதிவேடு. இரண்டு, செந்தாமரையின் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

"சார், பல்லி அங்க இல்லைன்னு நானே சொன்னேனே!"

"புரியுதும்மா. ஆனா யோசிங்க. வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்துட்டா நீங்க மேல போவீங்களா? நீங்க போகலைன்னா யார் பாக்கறது? யாரும் பாக்கலைன்னா பல்லி இருந்தும் இல்லாத மாதிரி." அவர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க போறது இனிமே உங்க சொந்த விஷயம் இல்லைம்மா. அது சேவை."

திரும்பி வரும்போது வெள்ளையம்மாள் தொப்பியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தாள். "இத்தினி வருஷம் சும்மா போனோம். இனிமே தொப்பி போட்டுக்கினு போலாம், வா."

செந்தாமரை தன் தொப்பியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். கையில் இருந்த ஒரே பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டு, அதையே சங்கிலியாக வாங்கி வந்த மாதிரி இருந்தது. சிரித்தவன் யார் என்று அவளுக்குத் தெரியும். அவன் மனைவியும் தொப்பி வாங்கியிருந்தாள்.

பதிவேட்டோடு பதினாறு பக்க விதிப் புத்தகம் ஒன்றும் கொடுத்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஜெகதீசனின் கையெழுத்து. தேர்வுக்குப் படிக்கிற பெண் எதையும் மேலோட்டமாகப் படிப்பதில்லை. கலைமதி கோடு போட்டுப் படித்தாள். ஒன்பதாம் விதிக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

"யம்மா, இதக் கேளு. 'பல்லி காணப்பட்டதாகப் பதிவான இடம், மாலை ஆறு முதல் காலை ஆறு வரை, கண்காணிப்பாளர்களுக்கு மட்டும், பூட்டின்றித் திறந்திருக்க வேண்டும். ஈரப்பதத்துக்காக அங்கே தண்ணீர் தடையின்றி இருக்க வேண்டும்.' பத்தாவது விதி, 'பகலில் அது பல்லி உறங்குமிடம். எப்பதவியில் உள்ளவரும் நுழையக் கூடாது.'"

"அதுக்கு?"

"பல்லிய எங்க பாத்தோம்னு யாரு முடிவு பண்றது?"

"பாத்தவங்கதான்."

கலைமதி பேனாவை நீட்டினாள்.

பொய் எழுதுகிறோமா என்று செந்தாமரை கொஞ்ச நேரம் யோசித்தாள். மூன்றரை அடிக் குழியில் இல்லாத பல்லியை ஒன்பது பேர் எழுதியிருக்கிறார்கள், அத்தனை பேரும் படித்தவர்கள். பத்தாவதாக எட்டாம் வகுப்புப் படித்தவள் ஒருத்தி எழுதுவதால் பல்லிக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? எழுதினாள். 'மையத்தின் கழிப்பறை, ஜன்னல் மேல். இரண்டு. ஒன்று சினை.'

சினை என்றதும் விழுப்புரமே ஆடிப்போனது. குழுமத்துக்கு ஐந்து வருட நீட்டிப்பு வந்தது. ராயப்பன் ஜல்தி ஜல்தியாக வந்து நான்கு பூட்டையும் கழற்றினார். ஒன்பதாம், பத்தாம் விதிகளைச் செயலரின் கையெழுத்தோடு பெரிதாக அச்சிட்டுக் கதவில் ஒட்டினார். வெளிச்ச விளக்கைச் சினைப் பல்லிக்காக அணைத்துவிட்டார்கள். முதல் நாள் சாயங்காலம் கலைமதி சமையலறையில் நின்று ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள். இன்னொரு செம்பு மொண்டாள். செந்தாமரை அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் குடிக்கிற சத்தத்தைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று என்று கணக்கிட்டால் அழுகை வந்துவிடும்போல இருந்தது.

பகலுக்கு இன்னும் வழியில்லை. குழி அப்படியே கிடந்தது. உறைகளில் புல் முளைத்தது.

மாசி மாதத்தில் மையத்தில் பல்லி விழா வைத்தார்கள். சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். ஜெகதீசன் காலையிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் கம்பெனி கொடுத்து இரண்டு இளநீர், மூன்று டீ, ஒரு செம்பு மோர் குடித்திருந்தார். பிறகு முக்கால் மணி நேரம் பேசினார். கடைசிப் பத்து நிமிடம் ஒரு காலில் நின்று பேசினார். மேடையை விட்டு இறங்கியதும் நேராகப் பின்புறம் நடந்தார். கதவருகில் ராயப்பன் நின்றிருந்தார். பக்கத்தில் பச்சைத் தொப்பியும் பதிவேடுமாகச் செந்தாமரை. சற்றுத் தள்ளி, கதவில் ஒட்டியிருந்த விதிகளைப் படித்து முடித்து மெச்சிக்கொண்டிருந்தார் சென்னை அதிகாரி.

"சார், பத்தாவது விதி" என்றார் ராயப்பன்.

"யோவ், விதியே நான் எழுதினதுய்யா."

"அதான் சார். கையெழுத்தும் உங்களுதுதான்."

"ரொம்பக் கண்டிப்பா இருக்கீங்க ஜெகதீசன். குட்" என்றார் சென்னை அதிகாரி.

ஜெகதீசன் சிரிக்க முயன்றார். பிறகு மேசையிலிருந்த ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, வேடிக்கை பார்க்கப் போகிறவர் போல மெதுவாக, அப்புறம் மெதுவாக இல்லாமல், பாறைப் பக்கம் போனார்.

அது நூறு நாள் வேலை முடிந்து பெண்கள் திரும்புகிற நேரம். முதல் கூட்டம் பாறையடி வழியாகப் பேசிக்கொண்டே வந்தது. இடுக்கிலிருந்து ஜெகதீசன் எழுந்து நின்று மலையை ரசித்தார். கூட்டம் கடந்தது, மறைந்தார். அடுத்த கூட்டம் வந்தது. எழுந்தார். வெள்ளையம்மாள் மட்டும் வேண்டுமென்றே செருப்பில் முள் எடுத்துக்கொண்டு பின்தங்கினாள். மூன்றாவது முறையும் எழுந்தார்.

சிரிப்பு வரும் என்று செந்தாமரை நினைத்திருந்தாள். வரவில்லை. அப்படி எழும்போது முழங்கால் எப்படி நடுங்கும் என்று அவளுக்குத் தெரியும், வயிற்றில் எந்த இடத்தில் சுருக்கென்று இழுக்கும் என்றும் தெரியும். அதற்காக அவரை மன்னிக்கவும் தோன்றவில்லை. கண்காணிப்பாளர் தன் கடமையைச் செய்ய வேண்டும். பதிவேட்டைத் திறந்தாள். இதுவரை ஒருவரும் நிரப்பியிராத கடைசிக் கட்டம் வரை, நிதானமாக, எழுத்து கோணாமல் எழுதினாள்.

'நேரம்: பகல் 12.40. இடம்: பாறை இடுக்கு. எண்ணிக்கை: ஒன்று. இனம்: பல்லி அல்ல. நடத்தை: ஆள் சத்தம் கேட்டதும் எழுந்து நின்றது, மூன்று முறை. கண்காணிப்பாளரின் பரிந்துரை: அடுத்த தடவை காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வரவும்.'